தந்தையாரின் பழைய ஸ்டில் 038 ரம்பம்: பிஸ்டன் ஏன் மறுபடியும் பிடித்தது, எந்தச் செயின் பொருந்தும்?

கேள்வி: என் தந்தையார் நிபோங் திபால் வட்டாரத் தோட்டங்களில் முதிர்ந்த பால்மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, சாய்க்கும் குத்தகை வேலை பார்த்தவர். அவர் காலமான பின் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடந்த அவருடைய ஸ்டில் 038 சங்கிலி ரம்பத்தை, சுங்கை பாக்காப்பில் எங்களுக்கு இருக்கும் இரண்டு ஏக்கர் நிலத்துப் பால்மரங்களையும் காற்றில் விழுந்த ஒரு டுரியான் மரத்தையும் அறுப்பதற்காக மீண்டும் ஓடவைக்க விரும்பினேன். ஒரு பட்டறையில் சிலிண்டரும் பிஸ்டனும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே பிஸ்டன் சிலிண்டருக்குள் அசையாமல் பிடித்துக்கொண்டது. பழைய பிஸ்டனைப் போலவே இதுவும் சைலன்சர் பக்கம் மட்டும் கோடு கோடாகக் கீறியிருக்கிறது. பிடிப்பதற்கு முன், ரம்பத்தைப் பக்கவாட்டில் சாய்த்தால் ஐட்லிங் வேகம், அதாவது விசையை அழுத்தாதபோது ஓடும் வேகம், தானாக ஏறியது. செயினிலும் குழப்பம். இணையத்தில் வாங்கிய .325 செயின் சுற்றவே மறுத்தது. நண்பர் தந்த, '72' என்று அடித்திருக்கும் செயின் சுற்றியது, ஆனால் அறுப்பு வளைந்துபோனது. செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடாகிய பழைய பாரில் 3/8, 1.6 என்ற எண்கள் தெரிகின்றன. இதைச் சீர்செய்வது தகுமா? 75 சென்டிமீட்டர் பார் போடலாமா? அல்லது நண்பர் விற்க விரும்பும் ஸ்டில் 070 ரம்பத்தை வாங்கிவிடலாமா?
— வாசகர், செபராங் பிறை தெற்கு

பதில்: அன்புள்ள ஐயா, வணக்கம். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தந்தையாரின் ரம்பம் சீர்செய்யத் தகுந்தது. 070 உங்கள் நிலத்துக்கு வேண்டாம். 75 சென்டிமீட்டர் பாரும் வேண்டாம். ஆனால் இன்னொரு சிலிண்டர் செட்டை வாங்குவதற்கு முன், முதல் பிஸ்டனைக் கொன்ற காரணம் இன்னும் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதைத் தேடாமல் மூன்றாவது பிஸ்டனைப் போட்டால் அதுவும் அதே இடத்தில் கீறிப் பிடிக்கும். பட்டறையில் சேதத்தை மாற்றியிருக்கிறார்கள், சேதத்தின் காரணத்தை மாற்றவில்லை.

நீங்கள் எழுதிய இரண்டு குறிப்புகள் எனக்குப் பெரிதும் உதவின. ஒன்று, கீறல் சைலன்சர் பக்கம் மட்டும் இருக்கிறது என்பது. மற்றொன்று, சாய்த்தால் ஐட்லிங் ஏறியது என்பது. பிஸ்டனில் விழும் கீறல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்த்தாலே கதையின் பாதி தெரிந்துவிடும். காற்று வடிகட்டி கிழிந்து தூசி உள்ளே போயிருந்தால் கார்புரேட்டர் பக்கம்தான் மங்கிச் சாம்பல் நிறத்தில் தேய்ந்திருக்கும். எண்ணெய் கலக்காத வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருந்தால் பிஸ்டனைச் சுற்றி எல்லாப் பக்கமும் கீறியிருக்கும். சிலிண்டரின் குளிர்விக்கும் தகடுகளுக்கு இடையில் மரத்தூள் அடைத்து வெப்பம் வெளியேறாமல் போனால் கீறல் நான்கு மூலைகளாகப் பிரிந்து தெரியும். சைலன்சர் பக்கம் மட்டும், அதுவும் இரண்டு பிஸ்டன்களிலும் ஒரே மாதிரி என்றால், முதலில் ஐயப்பட வேண்டியது கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துபோவதைத்தான்.

இதன் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய ரம்பங்களைச் சீர்செய்வதில் பெரும்பாலான தோல்விகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. இரண்டு வீச்சு இயந்திரத்தில் கிராங்க் தண்டு சுழலும் அடி அறையும் ஒரு பம்புதான். பிஸ்டன் மேலே போகும்போது அந்த அறையில் உறிஞ்சும் விசை உண்டாகி, கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலும் எண்ணெயும் காற்றும் கலந்த கலவை உள்ளே வருகிறது. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அழுத்தப்பட்டு மேலே எரியும் அறைக்குப் போகிறது. அந்த அடி அறையில் எங்காவது ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் கார்புரேட்டரைத் தாண்டாத வெறும் காற்று அவ்வழியே நுழைந்துவிடும். பெட்ரோல் குறைந்த கலவை அதிக வெப்பத்தில் எரியும். மசகெண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்துதான் வருகிறது என்பதால், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. இப்படி வெப்பம் கூடி, வழவழப்பு குறைந்து, ஏற்கெனவே மிகச் சூடான பகுதியாகிய சைலன்சர் பக்கத்தில் பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. இதைக் கார்புரேட்டர் திருகைத் திறந்து பெட்ரோலைக் கூட்டுவதால் சரிக்கட்ட முடியாது, ஏனென்றால் வேகத்துக்கு ஏற்ப, சாய்வுக்கு ஏற்ப, வெப்பத்துக்கு ஏற்பக் கசிவின் அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

பன்னிரண்டு ஆண்டுகள் நம் ஊர்ப் புழுக்கத்தில் தகரக் கொட்டகைக்குள் கிடந்த ரம்பத்தில் ரப்பர் பாகங்கள் எல்லாமே இறுகியிருக்கும். கிராங்க் தண்டின் இருபுறமும் உள்ள ஆயில் சீல்கள், கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழல், அடி அறையின் அழுத்தத் துடிப்பைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோகும் சின்னக் குழாய், பெட்ரோல் குழாய் ஆகிய நான்கையும் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். சாய்த்தால் ஐட்லிங் ஏறியது என்று நீங்கள் சொன்னதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது ஆயில் சீல்தான். ரம்பத்தைச் சாய்க்கும்போது கிராங்க் தண்டின் எடை ஒரு பக்கம் ஒதுங்க, இறுகிப்போன சீலின் விளிம்புக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடுகிறது. கூடுதல் காற்று நுழைந்ததும் இயந்திரம் தானாக வேகமெடுக்கிறது. பேரிங் தேய்ந்து தண்டு ஆடினாலும் இதே அடையாளம் தெரியும் என்பதால், சீல் மாற்றும்போதே பிளைவீலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கையில் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தாலோ, சுழற்றும்போது மணல் அரைவது போன்ற உணர்வு இருந்தாலோ பேரிங்குகளையும் மாற்ற வேண்டும். அந்த நிலையில் செலவு வெகுவாக ஏறும் என்பதால், இந்தச் சோதனையை வேறு எந்தப் பாகமும் வாங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை, அழுத்தச் சோதனை இருக்கிறது. சைலன்சரைக் கழற்றி அந்த வாயை ஒரு ரப்பர் தகட்டால் மூடி, கார்புரேட்டர் இருக்கும் வாயையும் அடைத்து, பிளக் துளை வழியாகக் கைப்பம்பினால் ஏறக்குறைய 0.5 பார் (இங்கே பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தம் ஏற்றுங்கள். பம்பின் அழுத்தமானி முள் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் சீல்கள், சிலிண்டர் அடியில் உள்ள கேஸ்கெட், ரப்பர் குழல் என ஒவ்வொன்றின் மேலும் சோப்புத் தண்ணீர் தடவி, எங்கே குமிழி வருகிறது என்று பாருங்கள். இதோடு நிறுத்திவிடாமல், அதே அளவுக்கு உறிஞ்சும் சோதனையையும் செய்ய வேண்டும். சீலின் விளிம்பு உள்ளிருந்து வரும் அழுத்தத்தில் தண்டோடு ஒட்டிக்கொண்டு கசியாமல் இருந்துவிட்டு, உறிஞ்சும்போது மட்டும் விலகிக் காற்றை விடுவது உண்டு. கிராங்க் தண்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டே முள்ளைக் கவனியுங்கள். பட்டறையில் வேலையை ஒப்படைப்பதாக இருந்தால், இந்த இரண்டு சோதனைகளையும் செய்வார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் வேறு பட்டறை தேடுங்கள்.

அடுத்து சிலிண்டர். பட்டறையில் கழற்றிய பழைய சிலிண்டரைத் திரும்பக் கொடுத்திருந்தால் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். அதன் உட்சுவரில் உள்ள பூச்சு பிஸ்டனின் அலுமினியத்தை விடப் பன்மடங்கு கடினமானது. ஆகவே பிஸ்டன் பிடிக்கும்போது பெரும்பாலும் பிஸ்டன்தான் கெடுகிறது, சிலிண்டர் சுவரில் தெரியும் கோடுகளில் பல பிஸ்டனிலிருந்து ஒட்டிய அலுமினியமே. தரை ஓடு கழுவ விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்த ஒட்டலின் மேல் மட்டும் தடவினால் அது நுரைத்துக் கரையும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, வெட்டவெளியில், கலவையும் புகையும் போய்வரும் வாயில்களின் ஓரத்தில் பூச்சு இல்லாத அலுமினியத்தில் படாதவாறு செய்து, பின்னர் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். மெல்லிய உப்புத்தாளால் குறுக்கு நெடுக்காக லேசாகத் தேய்த்தபின் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் எங்கும் தடுக்காமல், பூச்சு எங்கும் உரியாமல் இருந்தால், அந்தப் பழைய சிலிண்டரோடு தரமான புதிய பிஸ்டனைச் சேர்ப்பதே என் பரிந்துரை. மலிவான புதிய செட்டுகளில் வாயில்களின் ஓரம் கூராக விடப்பட்டிருப்பதையும், அந்தக் கூரில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் மாட்டி உடைவதையும், சில மாதங்களில் பூச்சு உரிவதையும் பார்த்து வருகிறேன். எல்லா மலிவுச் செட்டும் மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நல்ல நிலையில் உள்ள மூலச் சிலிண்டருக்கு அவை மாற்று அல்ல.

பிஸ்டன் வாங்கும் முன் அளந்துவிடுங்கள். 038 என்ற ஒரே எண்ணில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 34 மில்லிமீட்டர். சாதாரண 038-க்குச் சிலிண்டர் விட்டம் 48 மில்லிமீட்டர், கொள்ளளவு ஏறக்குறைய 61 சிசி. சூப்பர் என்ற வகைக்கு 50 மில்லிமீட்டரும் ஏறக்குறைய 67 சிசியும். மேக்னம் வகைக்கு 52 மில்லிமீட்டரும் 72 சிசியும். ஒட்டுத்தாள் போய்விட்ட பழைய ரம்பத்தில் எது என்பதைச் சிலிண்டரை அளந்துதான் உறுதிசெய்ய முடியும். இணையக் கடையில் '038-க்குப் பொருந்தும்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பொருத்தும்போது ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் இறக்கி, அதன் இரு முனைகளுக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். முனைகள் தொட்டுக்கொண்டிருந்தால் சூட்டில் ரிங் விரிந்து பிடித்துவிடும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டன் பின்னைத் தாங்கும் கம்பி வளையங்களைப் புதிதாகவே போடுங்கள், அவற்றின் திறப்பு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருக்கட்டும். கிளட்ச் இடப்புரித் திருகு என்பதை மறந்துவிட்டுப் பலர் கிராங்க் தண்டையே கெடுத்துக்கொள்கிறார்கள். கடிகார முள் சுற்றும் திசையில்தான் அது கழலும். பிஸ்டனை நிறுத்திவைக்கப் பிளக் துளை வழியாகக் கயிற்றைத் திணியுங்கள், இரும்புக் கம்பியைத் திணிக்காதீர்கள். கார்புரேட்டரின் டயாபிரம் இறுகியிருக்கும் என்பதால் அதன் ரிப்பேர் கிட்டையும், டாங்கியில் உள்ள பெட்ரோல் வடிகட்டியையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். டாங்கிக்குக் காற்று போகும் துளை அடைத்திருந்தாலும் பெட்ரோல் குறையும் என்பதால் அதையும் பாருங்கள். பிளக் இடைவெளி 0.5 மில்லிமீட்டர்.

எண்ணெய்க் கலவையில் கஞ்சத்தனம் வேண்டாம். ரம்பத் தயாரிப்பாளரின் இரண்டு வீச்சு எண்ணெய் என்றால் ஐம்பதுக்கு ஒன்று, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லிலிட்டர். 2டி என்று விற்கும் சாதாரண இரண்டு வீச்சு எண்ணெய் என்றால் இருபத்தைந்துக்கு ஒன்று, அதாவது 200 மில்லிலிட்டர். ஒரு மாதத்துக்கு மேல் கலந்து வைத்த பெட்ரோலைப் பயன்படுத்தாதீர்கள். கார்புரேட்டரின் இரு திருகுகளையும் மெல்ல மூடி ஒரு சுற்றுத் திறந்து தொடங்கலாம். முழு விசையில் சுமையில்லாமல் ஓடும்போது சத்தம் சீராகக் கிறீச்சிடாமல், விட்டுவிட்டுக் கரகரப்பதுபோல் கேட்க வேண்டும். அறுக்கத் தொடங்கியதும் அந்தக் கரகரப்பு நீங்கிச் சுத்தமாக வேண்டும். புதிய பிஸ்டனோடு முதல் டாங்கி முடியும்வரை சுமையில்லாமல் முழு விசையில் ஓட்டவே வேண்டாம்.

இனி பாரும் செயினும். இயந்திரத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூடப் பலர் இதற்குக் கொடுப்பதில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் பொருந்தாத செயினை இழுத்து இழுத்தே எத்தனையோ நல்ல இயந்திரங்கள் சூடேறிக் கெட்டிருக்கின்றன.

செயினுக்கு மூன்று அளவுகள். முதலாவது பிட்ச்: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் பாதி. இரண்டாவது கேஜ்: பாரின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் டிரைவ் லிங்க் என்ற அடித்தகட்டின் தடிமன். மூன்றாவது அந்த டிரைவ் லிங்குகளின் எண்ணிக்கை. பிட்ச் மூன்று இடங்களில் ஒத்துப்போக வேண்டும்: செயின், இயந்திரத்தில் செயினை இழுக்கும் பல்சக்கரமாகிய ஸ்பிராக்கெட், பாரின் மூக்கில் உள்ள சிறு பல்சக்கரம். கேஜ் செயினுக்கும் பாரின் பள்ளத்துக்கும் ஒத்துப்போக வேண்டும். எண்ணிக்கை பாரின் நீளத்தைப் பொறுத்தது. உங்கள் தந்தையாரின் பாரில் தெரியும் 3/8 என்பது அங்குலக் கணக்கில் பிட்ச், 1.6 என்பது மில்லிமீட்டரில் கேஜ். அவர் போட்டிருந்தது 038-க்கு மிகச் சரியான சேர்க்கை, அதை மாற்ற எந்தக் காரணமும் இல்லை.

நீங்கள் இணையத்தில் வாங்கிய .325 செயினின் ரிவெட்டுகள் நெருக்கமானவை. 3/8 ஸ்பிராக்கெட்டின் பற்கள் அந்த இடைவெளிகளில் உட்காராது. ஆகவேதான் அது சுற்ற மறுத்தது. நல்லவேளையாக நீங்கள் அதை வலிந்து ஓட்டவில்லை. ஓட்டியிருந்தால் டிரைவ் லிங்குகளின் அடிப்பகுதி நசுங்கி, செயின் அறுந்து கையை நோக்கி வந்திருக்கக்கூடும். அதைப் பயன்படுத்துவதற்காகப் பார், ஸ்பிராக்கெட் எல்லாவற்றையும் .325-க்கு மாற்றலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அந்த அளவு ஏறக்குறைய 40, 50 சிசி ரம்பங்களுக்கு உரியது. அந்தச் செயினைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள்.

'72' விஷயம் மிகப் பலருக்கு வரும் குழப்பம். 50 சென்டிமீட்டர் பாருக்கு 3/8 செயினில் 72 டிரைவ் லிங்குகள் தேவை என்பது உண்மை. ஆனால் டிரைவ் லிங்கின் மேலேயே அடித்திருக்கும் 72 என்பது எண்ணிக்கை அல்ல. அது ஓரிகன் நிறுவனச் செயின்களின் வகைக் குறியீடு. அந்தக் குறியீட்டில் 72 என்றால் 3/8 பிட்ச், 1.3 மில்லிமீட்டர் கேஜ். 73 என்றால் அதே பிட்ச், 1.5 கேஜ், 75 என்றால் அதே பிட்ச், 1.6 கேஜ். .325 செயின்களுக்கு 20, 21, 22 என்று வரும். ஆக, நண்பர் தந்த செயினுக்குப் பிட்ச் சரி என்பதால் அது ஸ்பிராக்கெட்டில் சுற்றியது. ஆனால் 1.6 பள்ளத்தில் 1.3 தடிமன் உள்ள தகடு இருபுறமும் ஆடும் இடத்தோடு ஓடியது. அறுக்கும்போது அது ஒரு பக்கம் சாய்ந்துவிடுவதால் வெட்டு வளைகிறது. நீங்கள் வாங்க வேண்டியது 75 என்று அடித்த, 72 டிரைவ் லிங்க் உள்ள செயின். ஸ்டில் செயின் என்றால் டிரைவ் லிங்கில் 6 என்ற எண் இருக்க வேண்டும். அது 1.6 கேஜைக் குறிக்கிறது. ரேக்கர் என்று சொல்லும் வெட்டுப்பல்லுக்கு முன்னால் உள்ள மேட்டில் 3 என்று இருந்தால் அது 3/8. அங்கே 6 இருந்தால் அது தாழ்ந்த வகை 3/8. பெயரில் அதே பிட்ச் என்றாலும் அது சின்ன ரம்பங்களுக்கானது, உங்கள் ஸ்பிராக்கெட்டில் பொருந்தாது.

அரிதாக, சரியான செயின் போட்ட பிறகும் வெட்டு வளையும். அப்போது பாரின் இரு விளிம்புகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தட்டையான மேசையில் பாரை விளிம்பு கீழாக நிறுத்தினால் அது சாயாமல் நிற்க வேண்டும். சாய்ந்தால் தட்டை அரத்தால் விளிம்பைச் சமன்செய்யலாம். பள்ளத்தின் ஆழம் 3/8 செயினுக்குக் குறைந்தது 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் டிரைவ் லிங்கின் நுனி பள்ளத்தின் அடியில் உரசும், அந்தப் பாரை விட்டுவிட வேண்டியதுதான். பழைய பார் இந்தச் சோதனைகளில் தேறினால் புதிய பார் வாங்கவே வேண்டாம். உங்கள் தந்தையார் பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிப் போட்டிருந்தால் இருபுறமும் சமமாகவே தேய்ந்திருக்கும். புதிது வாங்குவதானால் திருகுத் துளையின் அகலம், செயினை இறுக்கும் ஆணி நுழையும் துளை, எண்ணெய்த் துளை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். ஸ்டில் பாரின் எண் 3003 என்று தொடங்க வேண்டும். ஓரிகன் பார் என்றால் பொருத்தும் வகை டி025.

புதிய செயினைத் தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் போடாதீர்கள். ஸ்பிராக்கெட்டில் செயின் பதிந்த பள்ளம் அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை மாற்றிவிட வேண்டும். உங்களுக்கு வேண்டியது 3/8 பிட்சில் ஏழு பல் உள்ளது. எட்டுப் பல் போட்டால் செயின் வேகம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். வேகம் கூடும், இழுவை குறையும். பச்சைப் பால்மரத்தில் இழுவைதான் முக்கியம்.

75 சென்டிமீட்டர் பார் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பால்மரத்தின் அடிமரத்தை அறுக்க 50 சென்டிமீட்டர் பார் தாராளமாகப் போதும். இருபுறமிருந்தும் அறுத்தால் பாரின் நீளத்தை விடத் தடித்த மரத்தையும் அறுக்கலாம், டுரியான் அடிமரம் அப்படி இருந்தால் அவ்வாறே செய்யுங்கள். பார் நீளும்போது இழுக்க வேண்டிய செயினின் எடையும் மரத்துக்குள் ஒரே நேரத்தில் கடிக்கும் பற்களின் எண்ணிக்கையும் கூடுகின்றன, அதே பம்பு அனுப்பும் எண்ணெய் நீண்ட பாரின் நுனிவரை போதாமல் போகிறது. மேக்னம் வகையாக இருந்தால் 63 சென்டிமீட்டர் பாரை ஓரளவு சமாளிக்கும். 61 சிசி வகை 50-ஐத் தாண்டக் கூடாது. கிளை கழிக்கவும் துண்டு போடவும் 40 சென்டிமீட்டர் பாரும் அதற்குரிய 60 டிரைவ் லிங்க் செயினும் தனியாக வைத்துக்கொண்டால் கை வலி பாதியாகக் குறையும்.

070 பற்றி ஒரு வார்த்தை. 58 மில்லிமீட்டர் சிலிண்டரும் 40 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட, ஏறக்குறைய 106 சிசி ரம்பம் அது. .404 பிட்ச் செயின் போட்டு நம் காட்டுப் பெருமரங்களைச் சாய்ப்பதற்காகவே பலரும் வாங்கினார்கள், அந்த வேலையில் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அதன் பழைய உருப்படிகளில் செயின் பிரேக் இல்லை. பாரின் நுனி மரத்தில் பட்டு ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும்போது செயினை நிறுத்த எதுவும் இருக்காது. இரண்டு ஏக்கர் நிலத்தில் எப்போதாவது அறுப்பவர் கையில் அந்த எடையும் அந்த அபாயமும் வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். உங்கள் 038-இல் உள்ள செயின் பிரேக்கையும், செயின் அறுந்தால் பிடிக்கும் கொக்கியையும், அதிர்வு தாங்கும் ரப்பர்களையும் சரிபார்க்காமல் முதல் மரத்தில் வைக்காதீர்கள்.

செயின் வகையில், கூர்மூலை கொண்ட பல்லை விட மூலை மழுங்கிய அரைச் சிசெல் வகையை வாங்குங்கள். பால்மரப் பட்டையில் மண்ணும் காய்ந்த பாலும் ஒட்டியிருக்கும், கூர்மூலை அதில் சில நிமிடங்களிலேயே மழுங்கிவிடும். தீட்டுவதற்கு 5.2 மில்லிமீட்டர் வட்ட அரம், 30 பாகைக் கோணம், ஒவ்வொரு பல்லிலும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு. இன்றைய வெட்டுப்பல்லின் வடிவத்தை, 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, மரம் குடையும் புழுவின் தாடைகள் இடமும் வலமுமாகச் சீவுவதைக் கவனித்து உருவாக்கினார். அவர் தொடங்கியதுதான் மேலே சொன்ன ஓரிகன் நிறுவனம். அந்த வடிவத்தில் பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை ரேக்கர்தான் தீர்மானிக்கிறது. பல்லைத் தீட்டத் தீட்ட அது தாழ்ந்துபோவதால், மூன்று நான்கு முறைக்கு ஒருமுறை ரேக்கரை பல்லின் நுனியை விட 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கும்படி தட்டை அரத்தால் குறைக்க வேண்டும். வேகமாக அறுக்கும் ஆசையில் அதை அதிகமாகக் குறைத்தால் ரம்பம் துள்ளும், இயந்திரமும் திணறும்.

பாருக்குக் கழிவு இன்ஜின் எண்ணெயை ஊற்றும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அதில் உலோகத் துகள்கள் இருக்கின்றன, பம்பையும் பாரையும் அவை அரிக்கின்றன. செயினிலிருந்து தெறிக்கும் எண்ணெய் முழுவதும் உங்கள் டுரியான் மரங்களின் வேரடி மண்ணில்தான் விழுகிறது. செயினில் ஒட்டிக்கொள்ளும் தன்மை கொண்ட பார் எண்ணெயை வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன், அறுத்த அடிக்கட்டையின் வெளிர் முகத்துக்கு நேராகப் பாரின் நுனியைப் பிடித்துப் பாதி விசையில் ஓட்டுங்கள். எண்ணெய்க் கோடு ஒன்று அதில் விழ வேண்டும். விழாவிட்டால் எண்ணெய்த் துளையில் மரத்தூள் அடைத்திருக்கும்.

புதிய செயின் முதல் அரைமணி நேரத்தில் நன்றாகத் தளரும், ஆகவே இடையிடையே நிறுத்தி இறுக்கத்தைச் சரிபாருங்கள். செயின் பாரின் அடியில் தொங்காமலும் கையுறை அணிந்த கையால் தடையின்றிச் சுற்றும்படியும் இருக்கட்டும். வேலை முடிந்ததும், சூட்டில் இருக்கும்போது இறுக்கிய செயினைக் கட்டாயம் தளர்த்திவிட்டுப் போங்கள். ஆறும்போது செயின் சுருங்கி, கிராங்க் தண்டையும் நீங்கள் புதிதாகப் போட்ட சீலையும் ஒரு பக்கமாக இழுக்கும். அழுத்தச் சோதனையில் கசிவு எங்கே தெரிந்தது என்பதையும், சில டாங்கி ஓட்டிய பின் பிளக்கின் நுனி என்ன நிறத்தில் இருக்கிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். வெளிர்ந்திருந்தால் உடனே நிறுத்திவிட்டு எழுதுங்கள்.